சூடான மசாலா ஒயின்: கொதிக்க வைத்தால் போதை போய்விடுமா?

டிசம்பர் விடுமுறையில் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரிட்டன் பக்கம் போய் வந்தவர்கள் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. உறையும் குளிரில் கையுறையோடு ஒரு குவளையைப் பிடித்துக்கொண்டு, பட்டையும் கிராம்பும் மணக்கும் சிவப்புப் பானத்தைப் பருகிய அனுபவம் பலருக்கு மறக்காது. ஜெர்மானியர் அதை 'க்ளூவைன்' என்கிறார்கள். சுவீடனில் அது 'க்ளாக்', பிரான்சில் 'வான் ஷோ', ஆங்கிலேயருக்கு 'மல்ட் ஒயின்'. சுருக்கமாகச் சொன்னால், மசாலாப் பொருள்களும் சீனியும் சேர்த்துச் சூடாக்கிய ஒயின்.

அங்கே படிக்கும் அல்லது வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் குளிர்கால ஒன்றுகூடல்களில் இதை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். செய்முறை எளிது. ஆனால், அதைச் சுற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. "காய்ச்சிய ஒயின்தானே, போதை ஆவியாகப் போயிருக்கும்" என்பதே அது. அந்த நம்பிக்கையில் பிள்ளைகளுக்கு ஒரு வாய் கொடுப்பவர்களும் உண்டு, இரண்டு குவளை குடித்துவிட்டுக் காரை எடுப்பவர்களும் உண்டு. எனவே செய்முறையோடு இதையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

பழைய பானம், நம் பக்கத்து மசாலா

ஒயினில் மசாலா சேர்க்கும் வழக்கம் ரோமானியர் காலத்திலேயே இருந்தது. 'அப்பிசியஸ்' என்ற ரோமானியச் சமையல் நூல், தேனும் மிளகும் குங்குமப்பூவும் பேரீச்சையும் சேர்த்த ஒயினைத் தயாரிக்கும் முறையை விவரிக்கிறது. அந்த மிளகு வந்தது தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து. யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் பதிவு செய்திருக்கிறது.

மற்றப் பொருள்களுக்கும் இதே கதைதான். கிராம்பு இந்தோனீசியாவின் மலுக்குத் தீவுகளுக்கும், சாதிக்காய் அதே வட்டாரத்தின் பண்டா தீவுகளுக்கும் உரியவை. மெல்லிய பட்டை இலங்கையிலிருந்து போனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் பினாங்கில் கிராம்பையும் சாதிக்காயையும் நட்டார்கள். சிங்கப்பூரில் இன்று கிறிஸ்துமஸ் விளக்குகள் மின்னும் ஆர்ச்சர்ட் ரோடு, ஒரு காலத்தில் அங்கிருந்த சாதிக்காய், மிளகு, பழத் தோட்டங்களால்தான் அந்தப் பெயரைப் பெற்றது. 1850களில் நோய் தாக்கியதில் சிங்கப்பூரின் சாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன.

கிறிஸ்துமஸ் சந்தைகளும் பழையவை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரச் சந்தை 1434ல் தொடங்கியது. இன்றைய ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, 'க்ளூவைன்' என்ற பெயரில் விற்கும் பானம் ஒயினிலிருந்து மட்டுமே தயாரிக்கப்பட வேண்டும். அதன் முக்கிய மணம் பட்டை, கிராம்பிலிருந்து வர வேண்டும். மதுச்சத்து குறைந்தது 7 விழுக்காடு இருக்க வேண்டும். இந்த விதியே நமக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறது: சூடான மசாலா ஒயின் ஒரு மதுபானம், மசாலாத் தேநீரின் உறவு அல்ல.

வீட்டில் செய்வது எப்படி?

ஆறு குவளைக்குத் தேவையானவை: 750 மில்லிலிட்டர் சிவப்பு ஒயின் ஒரு போத்தல், தண்ணீர் 150 மில்லிலிட்டர், சீனி 60 கிராம், ஆரஞ்சுப் பழம் ஒன்று, பட்டை ஒரு துண்டு, கிராம்பு நான்கு அல்லது ஐந்து, அன்னாசிப்பூ ஒன்று, ஏலக்காய் இரண்டு. விரும்பினால் சாதிக்காயைச் சிறிது துருவிச் சேர்க்கலாம்.

விலை உயர்ந்த ஒயின் தேவையில்லை. அதன் நுட்பமான மணங்கள் மசாலாவில் மறைந்துவிடும். ஆனால் புளித்துப்போன, பல நாள் திறந்து கிடந்த போத்தலும் உதவாது. பழச்சுவை மிகுந்த, துவர்ப்பு குறைந்த சிவப்பு ஒயின் பொருத்தமானது. மெர்லோ அல்லது கிரெனாஷ் வகைகள் சரியாக இருக்கும். ஓக் பீப்பாயில் நெடுங்காலம் வைத்த, துவர்ப்பு மிகுந்த ஒயினைச் சூடாக்கினால் நாக்கைப் பிடிக்கும்.

முதலில் தண்ணீர், சீனி, மசாலாப் பொருள்கள் ஆகியவற்றை மட்டும் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆரஞ்சுத் தோலின் மேற்புறத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி இதில் சேருங்கள். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அதை விட்டுவிடுங்கள். மசாலாவின் சாறு நன்றாக இறங்க நல்ல சூடு வேண்டும். ஒயினுக்கோ அந்தச் சூடு ஆகாது. எனவேதான் இரண்டையும் தனித்தனியே கையாள்கிறோம்.

பிறகு அடுப்பைக் குறைத்து ஒயினையும் ஆரஞ்சுச் சாற்றையும் ஊற்றுங்கள். மூடி போட்டு, மிகச் சிறிய தீயில் 15 முதல் 20 நிமிடம் வைத்திருங்கள். ஆவி மெல்ல எழ வேண்டும், ஆனால் குமிழி வரக் கூடாது. வெப்பமானி இருந்தால் 70 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். கொதித்துவிட்டால் பழ மணம் போய், வேகவைத்த சுவை வந்துவிடும்.

எவர்சில்வர் அல்லது எனாமல் பூசிய பாத்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஒயினில் புளிப்பு அதிகம் என்பதால், பூச்சில்லாத அலுமினியம், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் இதற்கு ஏற்றவை அல்ல. உலோகம் பானத்தில் கரையும்.

தயாரானதும் வடிகட்டி மசாலாவை எடுத்துவிடுங்கள். பலர் விடும் பிழை, மணிக்கணக்கில் கிராம்பை உள்ளேயே ஊற விடுவது. நேரம் ஆக ஆகக் கிராம்பின் யூஜெனால் எண்ணெய் மேலும் இறங்கி, பல்வலி மருந்து போன்ற சுவை வந்துவிடும். நம் பிரியாணிக்குப் போடும் அளவைவிடக் குறைவாகவே போடுங்கள். மிஞ்சியதை ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, மீண்டும் மெதுவாகச் சூடாக்கிக்கொள்ளலாம்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் தடித்து, கெட்டியாக, ஒரே சுருளாகக் கிடைப்பது பெரும்பாலும் 'கேசியா' வகை. இலங்கைப் பட்டை மெல்லிய தாள்களை அடுக்கிச் சுருட்டியதுபோல் இருக்கும், கையால் நொறுக்கலாம். கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். கூடுதல் அளவில் அது சிலரது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்துள்ளது. எப்போதாவது ஒரு துண்டு போடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. குளிர்காலம் முழுவதும் தினமும் குடிப்பவர்கள், தூளாகப் பட்டையை அள்ளிப் போடுபவர்கள் இலங்கை வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

போதை எங்கே போகிறது?

மதுவில் உள்ள எத்தனால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். இதை வைத்துத்தான் "80 டிகிரி தாண்டினால் மது எல்லாம் போய்விடும்" என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒயினில் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சூடேறும்போது இரண்டும் சேர்ந்தே ஆவியாகின்றன. எத்தனால் சற்று வேகமாகப் போகுமே தவிர, ஒரேயடியாக வெளியேறாது.

சமையலில் சேர்க்கும் மது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கு அமெரிக்க வேளாண் துறை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி, உணவோடு கலந்து 15 நிமிடம் கொதித்த பிறகும் ஏறத்தாழ 40 விழுக்காடு மது மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 விழுக்காடு. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 விழுக்காடு இருக்கிறது. நாமோ ஒயினைக் கொதிக்க விடுவதே இல்லை. மூடி போட்டு 20 நிமிடம் சூடாக்குகிறோம். எனவே பெரும்பகுதி மது பானத்திலேயே தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13 விழுக்காடு மதுச்சத்துள்ள ஒரு போத்தலில் சுமார் 77 கிராம் எத்தனால் இருக்கும். அதை ஆறு குவளையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 13 கிராம். சூட்டில் கொஞ்சம் குறைந்தாலும், அது ஒரு கிண்ணம் சாதாரண ஒயின் குடிப்பதற்கு வெகுதூரத்தில் இல்லை. இனிப்பும் மணமும் மதுவின் காரத்தை மறைப்பதால், எவ்வளவு உள்ளே போனது என்பதே தெரியாது. சிலர் மேலே ரம் அல்லது பிராந்தி வேறு ஊற்றுவார்கள். அப்போது கணக்கு இன்னும் ஏறும். அப்படி ஊற்றுவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும். எரியும் தீயருகே கடும் மதுவின் ஆவி பற்றிக்கொள்ளும்.

வாகனம் ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் மூச்சுக்காற்று 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம் மது என்பது சட்ட வரம்பு. மலேசியாவில் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது 22 மைக்ரோகிராம். எத்தனை குவளை குடித்தால் வரம்பைத் தொடும் என்பது உடல் எடை, பாலினம், சாப்பிட்ட உணவு, நேரம் எனப் பலவற்றைப் பொறுத்தது. எனவே "ஒன்று குடித்தால் பரவாயில்லை" என்ற கணக்கே ஆபத்து. குடிப்பவர் ஓட்ட வேண்டாம், ஓட்டுபவர் குடிக்க வேண்டாம்.

குளிருக்கு உகந்ததா?

குடித்ததும் முகம் சிவந்து உடல் கதகதப்பாவது உண்மை. சூடான பானம் என்பது ஒரு காரணம். மது, தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வது மற்றொரு காரணம். சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் வெம்மை உணர்கிறோம். ஆனால் அந்த வெப்பம் அப்படியே வெளியே போய்விடுகிறது. அதாவது, உடலின் உட்பகுதி குளிர்ந்துகொண்டிருக்கும்போது நமக்குச் சூடாக இருப்பதுபோல் தோன்றும். குளிர்நாட்டில் குடித்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே நடப்பது அதனால்தான் உயிருக்கே ஆபத்தாகிறது. அங்கு இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்: வீட்டுக்குள் இருக்கும்போது குடியுங்கள், திரும்பும்போது மேலாடையை மறக்காதீர்கள், குடித்த நண்பரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கர்ப்பிணிகள் இதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரை, வலிநிவாரணி, இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே எந்த மதுவையும் தொட வேண்டும்.

எல்லாருக்கும் ஒரு குவளை

நம் வீட்டு விருந்துக்கு வருபவர்களில் மது அருந்தாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள், சிறுவர்கள் ஓடி விளையாடுவார்கள். டிசம்பர் என்றால் மார்கழியும் கூடவே வருகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் விரதம் இருப்பவர்களும் அதே கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் கையில் வெறும் குளிர்பானத்தைத் திணித்துவிட்டு, மணக்கும் பானையைச் சுற்றி மற்றவர்கள் நிற்பது விருந்தோம்பலாகாது.

ஜெர்மானியரே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சந்தைகளில் 'கிண்டர்புன்ஷ்' என்ற மதுவற்ற சூடான பானம் விற்கிறார்கள். அதையே நாமும் செய்யலாம். அரை லிட்டர் சீனி சேர்க்காத சிவப்புத் திராட்சைச் சாறு, அரை லிட்டர் ரோசெல் பூத் தேநீர், முன்பு சொன்ன அதே மசாலா, ஓர் ஆரஞ்சு, அரை எலுமிச்சை. சாற்றிலேயே இனிப்பு இருப்பதால் சீனி வேண்டாம். மசாலாவைத் தேநீரோடு கொதிக்கவிட்டு, பிறகு சாற்றைச் சேர்த்து மிதமாகச் சூடாக்கினால் போதும். ரோசெல் புளிப்பும் நிறமும் தருவதால், பார்வைக்கு இரண்டு பானைகளும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதுவே ஆபத்தும்கூட. எனவே இரண்டு பானைகளிலும் எது எது என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கரண்டியையும் வடிகட்டியையும் தனித்தனியாக வையுங்கள். மதுவுள்ள பானையைச் சிறுவர் கைக்கு எட்டாத மேசையில் வையுங்கள். குவளைகளின் நிறத்தை மாற்றினால் இன்னும் தெளிவு. யாராவது "இதில் மது இருக்கிறதா?" என்று கேட்டால், "காய்ச்சியதுதான், ஒன்றும் இருக்காது" என்று சொல்லாதீர்கள். "இருக்கிறது, உங்களுக்கு அந்தப் பானை" என்று சொல்லுங்கள். விருந்தாளி நம்பிக் குடிக்கும் குவளைக்கு, ஊற்றிக் கொடுப்பவர்தான் பொறுப்பு.