மூன்று சேர்வர், ஒரே பெட்டி

கணக்கு, சம்பளம், களஞ்சியம் மூன்றுக்கும் தனித்தனி சேர்வர் வைத்திருந்த மொத்த வியாபாரி ஒருவர், மூன்றையும் ஒரே இயந்திரத்தில் மெய்நிகர் சேர்வர்களாக்கலாமா என்று என்னிடம் கேட்டார். ஆக்கலாம், மின்கட்டணம் குறையும் என்றேன். ஆனால் மூன்றையும் தாங்கும் அடித்தள மென்பொருள் பிறர் கைக்குப் போனால் மூன்றும் போய்விடும். 2023 பெப்ரவரியில் விஎம்வெயாரின் ஈஎஸ்எக்ஸ்ஐ பாவித்த ஆயிரக்கணக்கான சேர்வர்கள் பூட்டப்பட்டுக் கப்பம் கேட்கப்பட்டது இப்படித்தான். அதற்கு வழிவிட்டதாகக் கருதப்படும் ஓட்டைக்கு 2021 பெப்ரவரியிலேயே திருத்தம் வெளிவந்திருந்தது, பலர் போடவில்லை. இத்தகைய இயந்திரத்தை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள்.

பெக்கப்? அதையும் அதே இயந்திரத்தில்தான் வைக்க நினைத்திருந்தார்! வேறு டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வீட்டில் வைக்கச் சொன்னேன். மாதமொரு முறை அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.