தறியில் விரியும் மணல் தோட்டம்

ஜப்பானின் கியோட்டோ நகரில், ரியோவான்-ஜி கோயிலின் தோட்டத்தில் பூச்செடிகள் இல்லை. வெள்ளைச் சரளைப் பரப்பு, அதில் பாசி சூழ்ந்த 15 கற்கள், சரளையில் வாரி இழுத்த கோடுகள், அவ்வளவுதான். இப்படியொரு தோட்டத்தை உடுத்தும் துணியில் கொண்டுவர முடியுமா? முடியும். அதற்கான கருவி சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைத் தறிகளுக்கு நன்கு பழக்கமானது: ஜக்கார்டு பெட்டி.

பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறி இது. கியோட்டோவின் நிஷிஜின் பகுதி நெசவாளர்கள் 1872-இல் லியோனுக்கு ஆளனுப்பிக் கற்றுவந்தார்கள். தோட்டங்களின் நகரமும் நம் நெசவூர்களும் நம்பியிருப்பது ஒரே பொறியைத்தான்.

முதலில் படத்தைக் கட்டத்தாளில் வரைவார்கள். கட்டத்தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு இழை, அதாவது நெடுக்கு இழை, எழும்பும். இல்லாவிட்டால் கீழேயே நிற்கும். மிதியை அழுத்தியதும் அட்டை ஊசிகளின் மேல் வந்து அழுந்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ள, அதன் கொக்கியைக் கத்தி எனப்படும் உலோகப் பட்டை மேலே தூக்குகிறது. துளையற்ற இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, கொக்கி கத்தியின் பிடியிலிருந்து விலகிவிடுகிறது. எழும்பிய இழைகளுக்கு அடியில், குறுக்கு இழையான ஊடையைச் சுமந்து நாடா ஓடுகிறது. ஒரு கல்லின் உருவம் 60 ஊடை உயரம் என்றால், அதற்கு 60 அட்டைகள் வேண்டும்.

வெள்ளை மணலில் வெள்ளைக் கோடுகளை எப்படிக் காட்டுவது? இங்கேதான் பட்டு கைகொடுக்கிறது. பாவு இழை பல ஊடைகளைத் தாண்டி மிதந்தால் ஒளி வழுக்கி மின்னும். ஒன்றுவிட்டு ஒன்று அடங்கினால் மங்கும். ஒரே நிறத்தில் இரு பரப்புகள் கிடைத்துவிடும். ஆனால் மிதவை நீண்டால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுபடும். ஆகவே இடையிடையே முடிச்சுப்போல் ஒரு பிடிப்பு கொடுக்க வேண்டும். கல்லைச் சுற்றி வளையும் கோடுகள் படிக்கட்டாகத் தெரியாமலிருக்க, நெருக்கமான பாவும் மெல்லிய இழையும் தேவை.

புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இதற்கு வாகான துணி. வெண்பட்டு வேட்டியின் உடலை வெறுமையாக விட்டு, அழகைக் கரையில் குவிப்பது சேலத்து நெசவாளருக்குக் கைவந்த கலை. வெறும் பரப்பின் மதிப்பறிந்த கைகள் அவை. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. அங்கே படிக்கும் இளைஞர்கள் கரையில் நேர்கோடுகளை மட்டும் வைத்து இந்தத் தோட்டத்தைத் தொடங்கலாம்; கற்களை அடுத்த பாவில் சேர்த்துக்கொள்ளலாம்.