பிள்ளை பிரான்சுக்குப் படிக்கப் போகும்போது

நம் பெரிய மார்க்கெட் மளிகைக்காரர் பிள்ளைகளும் பிரான்சுக்குப் படிக்கப் போகும் காலம் இது. கடை முதலில் கை வைத்துத்தான் அனுப்புகிறோம். அதனால் சில விவரங்களைச் சொல்லி வைக்கிறோம்.

ஒரே தெருப் பிள்ளைகளுக்கு அங்கே இரண்டு கட்டணம். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பத்துக்கு உள்ளூர்க் கட்டணம். இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குத் தனிக் கட்டணம். 2019-இல் இந்த முறை வந்தபோது, அரசுப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு அவர்களுக்கு 170 யூரோ, நமக்கு 2,770. பிறகு இரண்டும் ஏறிவிட்டன. விலக்கு தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கடன் வாங்குமுன் விசாரிக்கவும். மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தை வரவில் இப்போதே எழுதிவிடாதீர்கள்.

பெட்டி கட்டுவதில் சரக்கு தெரிந்த நாமே தவறுகிறோம். நெய், பால்கோவா, கறி ஊறுகாய் மூன்றும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கு வேண்டாம். கருவாடு 20 கிலோ வரை போகலாம் (பக்கத்து அறைக்காரர் பாடு வேறு!). முருங்கைக்காய்க்குக் கவலை இல்லை. பாரீசின் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

ஊர் சுற்றவும் செலவு குறைவே. அங்கே தங்கிப் படிக்கும் 26 வயதுக்குட்பட்டவருக்கு லூவர் அருங்காட்சியகம் இலவசம். ஸ்ட்ராஸ்பூரில் டிராம் ஏறி ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. நாம் கோரிமேடு தாண்டுவது போலத்தான். ஆனாலும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் சட்டைப் பையில் இருக்கட்டும். 2024-இல் ஜெர்மனி எல்லைச் சோதனையை எல்லாப் பக்கமும் நீட்டியது.