பூத்தொடுக்கும் விரல்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் 2010ஆம் ஆண்டில் ‘லிட்டில் இந்தியா’ என அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்குப் பூக்கடைகள் உள்ளன. ஜாலான் துன் சம்பந்தன் வழியாக நடப்பவர்களும் கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா வழியாக நடப்பவர்களும் கடையைப் பார்க்கும் முன்பே மல்லிகையின் மணத்தை உணர்ந்துவிடுவர். கடைக்காரர் பேசிக்கொண்டே இருப்பார். பூவைப் பார்க்காமலேயே அவருடைய விரல்கள் சரம் தொடுத்துக்கொண்டிருக்கும். இந்தக் கைவேலை ஒரு காலத்தில் பல வீட்டு வாசல்களில் அன்றாடம் நடந்தது.

இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் லயன் வீட்டின் முன்புறத்தில் மல்லிகையோ கனகாம்பரமோ வளர்ப்பது வழக்கம். பறித்த மொட்டுகளை முறத்தில் கொட்டி, பாட்டியும் அம்மாவும் அக்காள் தங்கையரும் சுற்றி உட்காருவர். சிறு பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் வேலை, காம்புகளைச் சமமாக வைத்து இரண்டிரண்டு மொட்டுகளாக எடுத்துக் கொடுப்பது. நாரைத் தொட அனுமதி கிடைக்கப் பல நாளாகும். யாரும் பாடம் நடத்துவதில்லை. ஊர்க்கதை ஒரு பக்கம் ஓட, கண் பார்த்ததைக் கை பழகிக்கொள்ளும். இது பெண்களுக்கு மட்டுமே உரிய வேலை என்று சிலர் கூறுவதுண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களில் மாலை கட்டும் பண்டாரங்கள் ஆண்களே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பூக்களை இணைக்கும் முறைகளுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஊசியால் துளைத்து நூலில் சேர்ப்பது கோத்தல். துளைக்காமல், காம்புகளை நாரால் முடிச்சிட்டுச் சேர்ப்பது தொடுத்தல். பல நிறப் பூக்களையும் மரிக்கொழுந்து போன்ற மணமுள்ள இலைகளையும் சேர்த்துத் தொடுத்தால் அது கதம்பம். சரத்தை அளக்கும் முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளம். யாருடைய கையால் அளப்பது என்பதில்தான் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சிறு வழக்கு எழும்.

தொடுப்பதற்கு ஏற்றது வாழைநார். வாழைமரத்தின் மட்டையைக் காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பயன்படுத்தும் முன்பு நீரில் ஊறவைப்பர். காய்ந்த நார் முறிந்துவிடும்; நனைந்த நாரோ வளைந்து கொடுக்கும். அதிலுள்ள ஈரம் பூவையும் எளிதில் வாடவிடாது. தையல் நூல் மெல்லியது. இறுக்கினால் காம்பை அறுத்துவிடும். இரண்டு மொட்டுகளை ஒரு திசையிலும் மற்ற இரண்டை எதிர்த்திசையிலும் காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்க வேண்டும். நாரை ஒருமுறை சுற்றி, விரலில் ஒரு வளையம் செய்து, அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுக்க வேண்டும். இழுக்கும் அந்த நொடியில்தான் திறமை இருக்கிறது. தளர்ந்தால் பூ உதிரும். இறுகினால் காம்பு முறியும். எவ்வளவு இழுப்பது என்பதைச் சொல்லால் விளக்க முடியாது. அதனால்தான் காணொளியைப் பார்த்துக் கற்பவர்களும் அருகில் ஒருவர் கையைப் பிடித்துக் காட்டினால் விரைவில் தேறுகின்றனர்.

மல்லிகை மொட்டுகளை விடியற்காலையிலேயே பறித்துவிடுவர். மாலை மயங்கும் வேளையில் அவை விரியத் தொடங்கி மணம் பரப்பும். தமிழ்நாட்டு மல்லிகை விமானத்தில் ஏறி இந்த நாட்டுக் கடைகளுக்கு வருகிறது. அங்கு விளையும் மதுரை மல்லி 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கடல் கடந்து வரும் பூ என்பதால் தீபாவளி, தைப்பூசக் காலங்களில் விலை ஏறிவிடும். அப்போது வீட்டில் ஒரு செடி இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது புரியும்.

தோட்டங்கள் நகரங்களாக மாற, மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். வாசல் போனது, வாசலில் உட்காரும் வட்டமும் கலைந்தது. பல வீட்டு நிலைகளில் இப்போது நெகிழித் தோரணம் தொங்குகிறது. அது வாடாது; மணக்கவும் செய்யாது. ஆயினும் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் மாடிமுகப்பு இருந்தால் ஒரு தொட்டியில் குண்டுமல்லி வளர்க்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்குக் குறைவில்லை. ஆகவே, தண்ணீர் ஊற்றுவதைவிடத் தேங்கிய நீரை வடியவிடுவதே முக்கியம். தேங்கினால் வேர் அழுகும். புதுத் துளிரில்தான் மொட்டு வரும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். ஆசையாக வளர்த்த செடியில் கத்தரியை வைக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. அவர்கள் வீட்டுச் செடி இலையாகவே தழைத்து நிற்கும்.

ஒரு தொட்டிச் செடியில் ஒரு நாளில் கைப்பிடி மொட்டுகள் கிடைத்தாலே அதிகம். முதலில் பழகுபவர்கள் அதை வீணாக்க வேண்டியதில்லை. குடியிருப்புகளின் வேலியோரங்களில் பூத்துக் குலுங்கும் இட்லிப்பூவுக்கு நீண்ட காம்பு போன்ற குழல் உண்டு. வளர்ப்பவரிடம் கேட்டுச் சில கொத்துகளைப் பறித்து வந்து, அவற்றில் முடிச்சைப் பழகலாம். முதல் சரம் கோணலாகத்தான் வரும். பாதிப் பூக்கள் மடியிலேயே உதிர்ந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கி மீண்டும் இரண்டிரண்டாக அடுக்கிக் கொடுக்க, பக்கத்தில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் வேலை எளிது.