குளிர் பிளாஸ்மாவும் உயிரற்ற சவ்வும்

'பிளாஸ்மா சிகிச்சை' என்றதும் கரோனா காலத்தில் நோயிலிருந்து மீண்டவர்களிடம் பெறப்பட்ட ரத்தத் திரவமே பலருக்கு நினைவுக்கு வரும். இங்கு பேசப்படும் பிளாஸ்மா அதுவன்று. மின்னாற்றலால் எலெக்ட்ரான்கள் பிரிந்த நிலையில் உள்ள வாயு. இப்பெயரை 1928-இல் இதற்குச் சூட்டியவர் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மூர். மின்னலும் சூரியனும்கூட இந்நிலையில் உள்ளவைதாம். ஆனால், குளிர் பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்கள் மட்டுமே மிகுந்த வெப்பம் கொண்டிருக்கும். வாயு ஏறத்தாழ அறை வெப்பநிலையிலேயே இருப்பதால் தோலைச் சுடாது.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உருவான குளிர் பிளாஸ்மாக் கருவி, 2013-இல் மருத்துவக் கருவியாகச் சான்று பெற்றது. எளிதில் ஆறாத புண்களுக்கு இது பயன்படுகிறது. புற்றுநோய்க்கும் பயன்படுமா என்ற ஆய்வுகள் நடந்து வருகின்றன. அதற்கு முன்பாக விடை காணவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வாயு செல்லை என்ன செய்கிறது?

உயிருள்ள செல்லில் இதற்கு விடை காண்பது கடினம். அது சேதத்தைத் தானே பழுதுபார்க்கும். நொதிகளால் நஞ்சை முறிக்கும். எனவேதான் ஆய்வாளர்கள் செயற்கைச் சவ்வை நாடினர். பாஸ்போலிப்பிடு எனும் கொழுப்புப் பொருள் நீரில் தானாகவே மூடிய குமிழ்களாக அமைவதை 1960-களில் இங்கிலாந்தின் பாப்ரஹாமில் கண்டறிந்தவர் அலெக் பாங்கம். ஏறத்தாழ ஐந்து நானோமீட்டர் தடிமன் கொண்ட அச்சுவர், செல் சவ்வின் அடிப்படை அமைப்பேதான். குமிழுக்குள் ஒளிரும் சாயத்தைச் செறிவாக அடைத்தால் அது மங்கலாகவே இருக்கும். சுவர் கசிந்து சாயம் வெளியேறி நீர்த்தால் பளிச்சென ஒளிரும்.

பிளாஸ்மா சவ்வைச் சுட்டுத் துளையிடுவதில்லை. அதன் வேலை வேதியியல் சார்ந்தது. காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் அது ஹைட்ராக்சில், ஓசோன், நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உருவாக்குகிறது. இவற்றுள் வீரியம் மிக்க ஹைட்ராக்சில், கொழுப்பு அமில வாலின் இரட்டைப் பிணைப்பு உள்ள பகுதியைத் தாக்குகிறது. நீரை வெறுத்து உள்ளே ஒளிந்திருந்த வால், ஆக்சிஜன் ஏறியதும் நீரை நோக்கி வளைகிறது. சவ்வு மெலிந்து கசியத் தொடங்குகிறது.

சிகிச்சைக்கு முக்கியமான செய்தி இங்குதான் இருக்கிறது. ஹைட்ராக்சில் மிகக் குறைந்த நேரமே நிலைக்கும், நெடுந்தொலைவு செல்லாது. மேலே நீர்ப்படலம் தடித்திருந்தால் பெராக்சைடு, நைட்ரேட் போன்ற நீடித்து நிற்பவையே சவ்வை எட்டும். ஒரே கருவியை ஒரே நேர அளவு பயன்படுத்தினாலும் ஈரமான புண்ணில் ஒரு விளைவும் உலர்ந்த புண்ணில் வேறொரு விளைவும் ஏற்படக்கூடும். இத்தனை நிமிடம் என்று மட்டும் கணக்கிடுவது மருந்தளவு ஆகாது.

சவ்வு உடைந்தால்தான் உள்ளே எதுவும் நுழையும் என்பதும் இல்லை. இத்தகைய குமிழ்களைக் கொண்டு 2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, சவ்வு சிதையாமலேயே வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் பொருள்கள் உள்ளே சென்றதைக் காட்டியது.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் அன்னெமி போகார்ட்ஸ் குழுவினர் நடத்திய கணினி உருவகப்படுத்தல்களில், கொலஸ்ட்ரால் மிகுந்த சவ்வில் துளை எளிதில் விழவில்லை. புற்றுநோய்ச் செல்களை மட்டும் பிளாஸ்மா தேர்ந்து தாக்குவதாகச் சொல்லப்படுவதற்கு அச்செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் குறைந்திருப்பதே காரணமாகலாம் என்ற கருதுகோள் இதிலிருந்து எழுந்தது. கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால், கொலஸ்ட்ரால் மிகுந்த புற்றுநோய்ச் செல்களும் உண்டு. மேலும், உண்மையான சவ்வில் அக்வாபோரின் எனும் புரத வாயில்கள் வழியாகவும் பெராக்சைடு உள்ளே புகும். வெறும் கொழுப்புக் குமிழில் அந்த வாயில்களே கிடையா.