மறதிநோயாளரின் இரவுகள்

பகலெல்லாம் உழைத்தோர்க்கு இரவு ஓய்வு தருகிறது. மறதிநோயுற்ற முதியோரைப் பேணும் இல்லங்களிலோ இரவே பெருஞ்சோதனையாக அமைகிறது.

1906ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலாக எடுத்துரைத்த மூளைநோய், இன்று அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. மருத்துவர்கள் டிமென்ஷியா என்று கூறும் மறதிநோய் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இந்தியாவில் 60 வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே பேணப்படுகின்றனர்.

அந்தி சாய்ந்ததும் இவர்களுள் பலருக்குக் கலக்கம் மிகுகிறது. சொந்த வீட்டில் இருந்துகொண்டே, 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்பர். நள்ளிரவில் எழுந்து, கடை திறக்க நேரமாயிற்றென்று கதவைத் தட்டுவர். இதனைப் பிடிவாதம் என்று நாம் எண்ணிவிடலாகாது. பகலையும் இரவையும் உடலுக்கு உணர்த்தும் கடிகாரம் ஒன்று மூளையின் அடிப்பகுதியில் உள்ளது. நோய் அதனையும் சிதைக்கிறது. உறக்கத்திற்குத் துணைபுரியும் மெலட்டோனின் சுரப்பும் குறைகிறது. மங்கிய ஒளியில் கொடியில் தொங்கும் சட்டை, அயலான் ஒருவன் நிற்பதாகவே அவர்கட்குத் தோன்றக்கூடும்.

எனவே இரவைச் சீர்செய்யும் பணி காலையிலேயே தொடங்குதல் வேண்டும். காலை வெயிலில் சற்று உலாவச் செய்தல், பகலுறக்கத்தைக் குறைத்தல், பிற்பகலுக்குப் பின் காப்பி, தேநீர் தவிர்த்தல் ஆகியவை பயன் தரும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சிறு விளக்கு எரியட்டும். வாயிற்கதவில் மணி ஒன்று கட்டலாம். உறங்குமுன் எரிவாயு உருளையின் வால்வை மூடிவிடுதல் நன்று. தொலைபேசி எண் எழுதிய அட்டை அவர்தம் சட்டைப்பையில் எப்போதும் இருத்தல் வேண்டும். அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டுதல் கூடவே கூடாது. தீ விபத்து நேரின் அதுவே உயிர்க்கு உலையாகிவிடும்.

'இதுதானே உங்கள் வீடு' என வாதிடுவதால் அச்சமே வளரும். கையைப் பற்றி அமர்த்தி, அந்தப் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டால் மனம் அடங்குவதுண்டு. கலக்கம் ஓரிரு நாளில் திடீரென மிகுந்தால், சிறுநீர்த்தொற்று, மலச்சிக்கல், வலி போன்றவை காரணமாகலாம்; உடனே மருத்துவரை நாடுக. தூக்க மாத்திரைகள் மயக்கத்தையும் தவறி விழும் இடரையும் பெருக்குவன ஆதலின், மருத்துவரைக் கேளாது கொடுக்கலாகாது.

இவ்வளவும் செய்தாலும் விழித்திருக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. நம் குடும்பங்களில் அவர் பெரும்பாலும் மனைவியோ, மகளோ, மருமகளோ ஆவார். இரவெல்லாம் விழித்தவரே காலையில் அடுப்பையும் மூட்டுகிறார். அவர் நலிந்து வீழ்ந்தால், முதியவரை வீட்டில் வைத்துப் பேணுதலும் அன்றோடு முடிந்துவிடும். ஆதலின் ஆண்மக்களும் பேரப்பிள்ளைகளும் இரவுகளை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளல் கடமையாம். வாரத்தில் ஓர் இரவேனும் அவர் கவலையின்றி உறங்கட்டும். அவ்வுறக்கம் முதியவருக்கும் காப்பாகும்.