உள்நாட்டில் புன்னை மரம் வளர்த்தல்

பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை இப்பக்கத்தார் நன்கறிவர். சுமார் 60 அடி நீளமுள்ள அதனை 1940ஆம் வருஷம் புவியியல் நிபுணர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டு வெளியிட்டார். இப்பிரதேசம் ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. கடல் விலகிற்று, சுண்ணாம்பு மட்டும் அரியலூர் மண்ணில் தங்கியிருக்கிறது.

கடற்கரைக்குரிய புன்னை இங்கு வளருமா என்பது நியாயமான கேள்வியே. பவளத் தீவுகளிலும் அம்மரம் செழிப்பதால் சுண்ணாம்பு அதற்குப் பகையன்று. நீர் தேங்கும் களிமண் ஆகாது. ஜயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணும், கொள்ளிடத்தை அடுத்த மணற்பாங்கான நிலமும் ஏற்றவை.

புன்னைப் பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய் உண்டு. அது விளக்கெரிக்கவும், மேற்பூச்சு மருந்துக்கும் உபயோகப்படும், உண்ணத்தகாது. மரம் படகு கட்ட உதவும். பூக்களைத் தேனீக்கள் நாடும்.

உதிர்ந்த முதிர்காய்களைக் காலதாமதமின்றி விதைக்க வேண்டும். ஓட்டுடன் விதைத்தால் முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் செல்லும். பருப்புச் சிதையாமல் ஓட்டை நீக்கி விதைத்தால் மூன்று வாரத்தில் முளை காணலாம். நாற்றுகளை அரைநிழலில் வளர்த்து, ஐப்பசி மழையில் 15 முதல் 20 அடி இடைவெளி விட்டு நடுக. கடற்கரையைவிட இங்கு வறட்சி மிகுதியாதலால் முதலிரண்டு கோடைகளில் தண்ணீர் ஊற்றுவது அவசியம். தீயைத் தாங்காத மரமாகையால், சுற்றிலுமுள்ள காய்ந்த புல்லை அகற்றிவிட வேண்டும்.

அங்கத்தினர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருஷமாகும். பயிர்க்கடனோ அறுவடையானதும் திருப்பித் தர வேண்டியது. அக்கடனை எடுத்துப் புன்னை நட்டால், மரம் காய்க்கு முன்பே தவணை தவறி வட்டி வளரும். ஜாமீன் நின்றவரும் சங்கடப்படுவர். ஆகையால் விளைநிலத்தை இதற்கென ஒதுக்காமல், வரப்போரத்திலும் கிணற்றடியிலும் சொந்த உழைப்பால் இரண்டொரு கன்று வைப்பதே உசிதம்.

பொது இடத்தில் பலர் சேர்ந்து நடுவதாயின், முன்னதாக உரிய அனுமதி பெறுக. தண்ணீர் விடுவோர் யார், காய் யாரைச் சேரும் என்பதைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுக. கன்று நடும் நாளில் எழுதாத கணக்கு, காய் விழும் நாளில் வழக்காக முடியும்.